செட்டைத் திறக்கும் முன் மாடிக்குப் போங்கள்: ஹாம் ரேடியோ கோளாறுகளைத் தேடும் முறை

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கு, தேர்வெழுதி, உரிமம் வாங்கி, செட் வாங்கி, மாடியில் ஆன்டெனா கம்பி கட்டி, முதல் நாள் மைக்கைக் கையில் எடுக்கும்போது வருகிற சந்தோஷம் தனி. அதற்கப்புறம் இரண்டாவது வாரமே ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போகும். புதியவர்கள் பலர் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து செட்டின் மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நான் பார்த்தவரை கோளாறு செட்டுக்குள் இருந்தது மிகக் குறைவு. தெரியாமல் அழுத்திய ஒரு பட்டன், வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஒரு இணைப்பு, சுற்றுவட்டாரத்து மின்சாதனங்களின் இரைச்சல் என்று பெரும்பாலும் செட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால், வானம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். அடுத்து, 50 ஓம் டம்மி லோடு ஒன்று வாங்கி வையுங்கள்; ஆன்டெனாவுக்குப் பதிலாக நின்று செட்டின் திறனை வெப்பமாக்கிவிடும் சாதனம் அது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பேசும்போது கோளாறு மறைந்தால் கோளாறு ஆன்டெனா பக்கம். மறையவில்லையென்றால் செட், மின்சாரம், மைக் பக்கம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

காதில் எதுவுமே விழவில்லை

செட் எரிகிறது, திரையில் எண் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஹெட்போன் குத்தியிருக்கிறதா, ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைக்கும் குமிழ்) ஏறியிருக்கிறதா, ஆர்.எஃப். கெயின் (வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) குமிழ் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.எஃப். கெயின் இறங்கியிருந்தால் பல செட்களில் சிக்னல் முள் மேலே ஏறி அப்படியே நிற்கும், காதில் மட்டும் ஒன்றும் இருக்காது. அந்த முரண்தான் அடையாளம். இரண்டு ஆன்டெனா சாக்கெட் உள்ள செட்டில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பின்னால் இருக்கும், ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் கேபிள் மாட்டியதும் இரைச்சல் குபுக்கென்று எழ வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கீழே உள்ள ‘எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது’ பகுதிக்குப் போங்கள்.

கேட்கிறது, ஆனால் எல்லாம் இரைச்சலில் மூழ்கிவிட்டது

நம் ஊர் ஹாம்களை இன்று அதிகம் வாட்டுவது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இரைச்சல் உங்கள் வீட்டிலிருந்தா, வெளியிலிருந்தா? செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். சிக்னல் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, வீட்டின் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். நிறைய பேர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். முள் எஸ் 9-லிருந்து எஸ் 3-க்கு இறங்கினால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொரு எஸ் புள்ளியும் 6 டெசிபல், அதாவது திறனில் 4 மடங்கு. ஆறு புள்ளி இறங்கினால் இரைச்சலின் திறன் ஏறத்தாழ 4,000 மடங்கு குறைந்ததாக அர்த்தம். அதுவரை அந்த இரைச்சலுக்கு அடியில் எத்தனை பேர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ!

பிறகு மெயினை ஏற்றி, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் முள் எழுகிறதோ அந்த அறையில் ப்ளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். வழக்கமான குற்றவாளிகள்: மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர்.

மெயின் இறங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால், வெளியே தேட வேண்டும். இரைச்சல் வரும் நேரம் நல்ல துப்பு. பொழுது விடிய ஆரம்பித்து அந்தி சாயும்போது அடங்கினால், பக்கத்தில் யாரோ மாடியில் சோலார் போட்டிருக்கிறார்கள். இடைவிடாத ‘ஙொய்’ என்ற கரகரப்பாக இருந்து, மழை பெய்ததும் குறைந்துவிட்டால், மின்கம்பத்தில் ஏதோ தளர்ந்து பொறி விடுகிறது. ஈரம் அந்த இடைவெளியை அடைத்துவிடுவதால்தான் குறைகிறது. அப்போது கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஆட்டிப் பார்ப்பது எல்லாம் உயிருக்கு ஆபத்து.

எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுக்க, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு 40 மீட்டர் பேண்ட், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை, செத்துப்போய்க்கொண்டிருந்தது. மெயினை இறக்கியும் பலனில்லை. கடைசியில் பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டரை, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். அந்த மாதிரி டிரான்சிஸ்டருக்குள் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா; அதன் முனை இரைச்சலின் திசையை நேராகப் பார்க்கும்போது சத்தம் குறையும். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனதில், பக்கத்து வீட்டு ஜன்னலடியில் அது அலறியது.

“பெரியம்மா, சாமி படத்துக்குப் போட்டிருக்கிற சீரியல் பல்பை ஒரு நிமிஷம் அணைக்கலாமா?”

“விளக்கு வைக்கிற நேரத்துல ஏம்ப்பா அணைக்கணும்?”

“ஒரே நிமிஷம் பெரியம்மா. உடனே போட்டுடலாம்.”

அணைத்தார். கையில் இருந்த டிரான்சிஸ்டர் சட்டென்று ஊமையானது. அவருக்கே ஆச்சரியம். மறுநாள் வேறொரு சரம் வாங்கி, முதலில் என் வீட்டில் செட் பக்கத்தில் எரிய விட்டுச் சோதித்து, அப்புறம் அவர் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பூஜை அறையில் இன்றும் விளக்கு எரிகிறது, எனக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறது. அக்கம்பக்கத்தில் புகார் சொல்லிக்கொண்டு போகாமல், கையில் மாற்று ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

மாற்ற முடியாத அடாப்டராக இருந்தால் ஃபெரைட் வளையம் உதவும். ஒயர் மேல் ஒரே ஒரு க்ளிப் மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் நடக்காது. 31 ரக ஃபெரைட் வளையத்துக்குள் ஒயரை எட்டு, பத்து சுற்று சுற்ற வேண்டும்.

நான் கேட்கிறேன், என்னை யாரும் கேட்கவில்லை

இதில் பட்டன் தவறுகளே அதிகம். ‘ஸ்ப்ளிட்’ விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் நீங்கள் கேட்பது ஒரு அலைவரிசை, பேசுவது வேறொன்று. ஆர்.ஐ.டி. (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்தும் வசதி) திறந்திருந்தாலும் அதேபோல் சில நூறு ஹெர்ட்ஸ் விலகிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அடுத்து சைடுபேண்ட்: வழக்கப்படி 7 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை), 14-ல் யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை). மாறிப்போனால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரல் வாத்து கத்துவது போல்கூட இருக்காது, வெறும் குழறலாகத்தான் போய்ச் சேரும்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.பி.யில் (ஒரே பக்கப்பட்டையில் பேசும் இந்த முறையில்) பிடிடியை, அதாவது மைக்கில் உள்ள பேசும் பட்டனை, அழுத்தியதும் பவர் மீட்டர் அசையாமல் இருப்பது கோளாறு இல்லை. பேசினால்தான் அலை புறப்படும். “ஆ...” என்று நீட்டிச் சொல்லுங்கள், முள் எழும். எழவில்லையென்றால் மைக் கெயினையும் மைக் பிளக்கையும் பாருங்கள்.

முள் எழுகிறது, பதில் மட்டும் இல்லை என்றால், உங்களை நீங்களே கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்தும் வெப்எஸ்டிஆர் போல, இணையம் வழியே யாரும் திருகிக் கேட்கக்கூடிய ரிசீவர்கள் உலகெங்கும் இருக்கின்றன. பேண்ட் திறந்திருக்கும் நேரத்தில் 14 மெகாஹெர்ட்ஸில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை கால்சைன் (உங்கள் உரிமத்தில் உள்ள அழைப்புக் குறி) சொல்லிப் பாருங்கள். ஓரிரு விநாடி தாமதித்து உங்கள் குரல், ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி, லேசாக நடுங்கியபடி அறைக்குள் வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சோதனைக்கும் அது மிக நல்லது: குரல் உடைந்து கரகரத்தால் மைக் கெயினைக் குறைத்து, ஏ.எல்.சி. (அனுப்பும் அளவு மீறாமல் பிடிக்கும் அமைப்பு) முள் அதன் எல்லைக்குள் ஆடும்படி வையுங்கள். குரலை அழுத்தித் தடிப்பாக்கும் கம்ப்ரெஸர் போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பேசுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால், நீங்கள் கூப்பிடும் விதத்தைக் கவனியுங்கள். பத்து நிமிஷம் கேட்டு, யார் யாரோடு பேசுகிறார் என்று புரிந்துகொண்டு, அவர்கள் முடிக்கும் இடைவெளியில் ‘விக்டர் யுனிஃபார்ம்’ என்று (நம் கால்சைனின் முதல் எழுத்துகளான வி, யு) தொடங்கி, எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொல்லுங்கள். அவசரமாகச் சொன்ன கால்சைன் இரைச்சலில் கரைந்துபோகும்.

எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது

அனுப்பிய திறனில் ஒரு பங்கு ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வருகிறது என்பதுதான் இதன் பொருள். 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.5-ஐ 1.1 ஆக்க வெயிலில் நாள் முழுக்க மாடியில் நிற்க வேண்டியதில்லை. 3-க்கு மேல் போனால் பேசுவதை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

புதிதாகக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் இணைந்து இரு பக்கமும் கம்பி போகும் ஆன்டெனா) என்றால் நீளக் கணக்குதான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். இந்தியாவில் நமக்குக் கொடுத்திருப்பது 7.0 முதல் 7.2 வரை. எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருக்கும் இடம் அதற்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம். மேலே விழுந்தால் குட்டை. 100 கிலோஹெர்ட்ஸ் நகர்த்த, பக்கத்துக்குச் சுமார் 14 சென்டிமீட்டர் மாற்ற வேண்டும். வெட்ட வேண்டாம், முனையை மடித்துச் சுற்றுங்கள். மழைக்கப்புறம் மறுபடி நீட்ட வேண்டி வரலாம்.

நேற்றுவரை சரியாக இருந்து இன்று ஏறியிருந்தால், நீளம் காரணமாக இருக்காது. கம்பி அறுந்ததா, மாஞ்சா நூல் சுற்றியதா, அணில் கேபிளைக் கடித்ததா என்று மாடியில் ஏறிக் கண்ணால் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் இணைப்புகள்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்னுடைய டைபோல் 1.3-லிருந்து 3.5-க்குத் தாவியது. மாடியில் இருந்த பிஎல் 259 கனெக்டரைத் திருகித் திறந்தேன். உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. மேல் ரப்பரைக் கத்தியால் கீறிப் பார்த்தால், செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டிய பின்னல் கம்பி கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. ஒரு முழம் வெட்டினேன், இன்னும் கறுப்பு. இன்னொரு முழம், கறுப்புதான். ஐந்தாவது முழத்தில்தான் சுத்தமான செம்பைக் கண்டேன். தண்ணீர் பின்னலின் இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அவ்வளவு தூரம் ஊறிப் போயிருந்தது.

அதற்கப்புறம் நான் கட்டும் விதம் இது. கனெக்டர் மேல் முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவேன். அதன் மேல் வெயில் தாங்கும் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாக, கூரைக்கு ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படியும்படி சுற்றுவேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்க விடுவேன். வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும்.

மல்டிமீட்டர் சோதனை எளிது. கேபிளின் இரு முனையையும் கழற்றி விட்டால் நடுக் கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. தூரத்து முனையில் இரண்டையும் சேர்த்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் பாலுனை மாட்டியபடியே அளக்காதீர்கள். பல பாலுன்கள் மீட்டருக்கு ஷார்ட் ஆகத்தான் தெரியும், அது கோளாறு இல்லை.

இன்னொன்று. எஸ்.டபிள்யூ.ஆர். எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி மிக நன்றாகக் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். நனைந்து கெட்டுப்போன கேபிள் போகும் திறனையும் திரும்பும் திறனையும் சேர்த்தே விழுங்கிவிடும். மீட்டர் 1.2 காட்டும், ஊரில் ஒருவருக்கும் கேட்காது.

இந்த வேலைக்கெல்லாம் மாடிக்குப் போகும் முன் மேலே மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் கம்பி அறுந்து விழுந்தாலும், கம்பம் சாய்ந்தாலும், அதைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். இடி கேட்டால் வேலையை விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்; கேபிளை முன்கூட்டியே கழற்றி வெளியே போட்டுவிடுவது இன்னும் நல்லது.

பேசும்போது செட் அணைந்து எரிகிறது

மெதுவாகப் பேசினால் ஒன்றும் ஆகாது. குரலை உயர்த்தினால் திரை மங்கி அணையும். மின்சாரம் போதவில்லை. 100 வாட் செட் உச்சத்தில் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரைப் போட்டிருந்தால், போக வர நான்கு மீட்டர். அதிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 13.8 வோல்ட்டை சப்ளையில் அளக்காமல், செட்டின் பின்பக்கத்தில், பேசும்போது அளந்து பாருங்கள். தடித்த ஒயர் போடுங்கள், ஃப்யூஸ் ஹோல்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மைக் உதட்டில் சுரீர் என்கிறது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் என் குரல்

முதலில் ஒன்றைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். பேசாமல் இருக்கும்போதும் செட்டைத் தொட்டால் சுரீர் என்றால் அது வீட்டு மின்சாரக் கசிவு. உடனே அணைத்து, எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பேசும்போது மட்டும் என்றால், கோஆக்ஸின் வெளிப்பின்னல் மேல் ரேடியோ அலை திரும்பி ஓடி வருகிறது. டைபோலின் நடுவில், கேபிள் தொடங்கும் இடத்தில், 31 ரகப் பெரிய வளையத்தில் கோஆக்ஸைப் பத்து, பன்னிரண்டு சுற்று சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். வளையம் கிடைக்காத நாட்களில் நாலு அங்குல பிவிசி பைப்பில் பன்னிரண்டு சுற்று சுற்றிச் சமாளித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் ஒயர் நீளமாக இருந்தால் அதற்கும் ஒரு வளையம் போட்டுக் கொடுங்கள்.

ரிப்பீட்டர் திறக்கவில்லை

ரிப்பீட்டர் என்பது உங்கள் சிக்னலை ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் மறுபடி அனுப்பும் நிலையம். அது திறக்காததற்குக் கைச் செட்டில் பெரும்பாலும் மூன்று காரணம். ஷிஃப்ட்: 2 மீட்டரில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே; 145.600-ல் கேட்டால் 145.000-ல் பேச வேண்டும். டோன்: அந்த ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய தொனியை அனுப்பும் பக்கம் போட வேண்டும், கேட்கும் பக்கமும் தவறான டோனைப் போட்டுவிட்டால் ஸ்பீக்கர் திறக்காது. மூன்றாவது, இரண்டு வரியும் விழித்திருக்கும் டூயல் வாட்ச். நீங்கள் மேல் வரியில் பேசுவதாக நினைப்பீர்கள், செட் கீழ் வரியில் பேசும். திறக்கிறது, ஆனால் குரல் மெலிதாகப் போகிறது என்றால் செட்டின் பட்டை அகல அமைப்பில் ‘நேரோ’வை (குறுகியது) ‘வைட்’ (அகன்றது) ஆக்குங்கள். கான்கிரீட் அறையை விட்டு மாடிக்கு வந்து, ஆன்டெனா அடியில் உலோகப் பகுதியோடு 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றைத் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும்.

எஃப்டி8 திரையில் கோடுகள் தெரிகின்றன, எழுத்து வரவில்லை

எஃப்டி8 என்பது கணினி வழியே சிறு எழுத்துச் செய்திகளை அனுப்பும் முறை. இங்கே குற்றவாளி லேப்டாப் கடிகாரம். 15 விநாடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி அனுப்பும் முறை இது. ஒரு விநாடிக்குள் நேரம் சரியாக இருக்க வேண்டும். இணையத்தோடு ஒத்திசைத்துவிட்டு டிடி (நேர வித்தியாசம்) என்ற பத்தியைப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டியே எண்கள் வர வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸிலும் இதற்கு யு.எஸ்.பி.தான். பவரை 30 வாட்டுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 12 விநாடிக்கு மேல் இடைவிடாமல் அனுப்புவதால் செட் சூடாகும்.

நேற்று கேட்டவர்கள் இன்று இல்லை

கேபிள், கனெக்டர், செட் எல்லாம் சரி. அப்படியென்றால் வானத்தைப் பாருங்கள். பகலில் 40 மீட்டரில் சென்னைக்கு மதுரையும் கோவையும் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். இரவானதும் மேலே உள்ள அயனி அடுக்கு மெலியும். செங்குத்தாகப் போன அலை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும். மதுரை மறைந்து தூர தேசங்கள் எழும். 20 மீட்டரில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸில், பகலிலேயே இப்படித்தான், மதுரை கேட்காது, ஐரோப்பா கேட்கும்.

நடுப்பகலில் திடீரென்று பேண்ட் முழுக்க நிசப்தமாகி, வழக்கமான இரைச்சல்கூட அடங்கினால், ஆன்டெனா அறுந்ததாக நினைத்து மாடிக்கு ஓடாதீர்கள். சூரிய வெடிப்பு ஒன்றின் எக்ஸ் கதிர் கீழ் அடுக்கைத் தடிப்பாக்கி அலைகளை விழுங்கியிருக்கலாம். சில நிமிஷங்களிலோ ஒரு மணி நேரத்திலோ, உயர் அலைவரிசைகள் முதலில் திரும்பும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு அறிகுறி உண்டு. இருட்டியபின் தூரத்துக் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல நடுங்கும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அந்தக் கோட்டின் மேல் அயனி அடுக்கு சூரியன் மறைந்தபின் கலங்கிப்போகிறது. உங்கள் ரிசீவரில் குறை ஒன்றும் இல்லை.

வானமா, கம்பியா என்று சந்தேகம் தீராவிட்டால் 14.100 மெகாஹெர்ட்ஸில், சி.டபிள்யூ. (மோர்ஸ்) மோடில் மூன்று நிமிஷம் உட்காருங்கள். உலகெங்கும் உள்ள 18 பீக்கன்களுக்கு (சோதனைக்காகத் தானே அனுப்பும் நிலையங்களுக்கு) அங்கே ஆளுக்குப் பத்து விநாடி ஒதுக்கியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து 4S7B என்ற கால்சைன் கொண்டதும் அந்த வரிசையில் உண்டு. ஒவ்வொன்றும் முதலில் 100 வாட்டில் தன் பெயரைச் சொல்லி, பிறகு நாலு நீண்ட கோடு தரும்: 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியாக 0.1 வாட். எத்தனை கோடு வரை காதில் விழுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றும் விழவில்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கேளுங்கள். தூர தேசத்துப் பீக்கனின் மூன்றாவது கோடு மெலிதாகவாவது கேட்டால், கம்பி நன்றாக இருக்கிறது, வழி திறந்திருக்கிறது, அப்படியே 14.200 பக்கம் திருகிப் போய் மைக்கை எடுங்கள்.